க்ளையன்ட் வெப்சைட் பண்ணப் போறீங்களா? முதல்ல ஒரு மூட்டை எத்தனை கிலோன்னு கேளுங்க

இதைப் படிக்கிற ஜூனியர்ஸ்ல பாதிப் பேர் அடுத்த செமஸ்டர்ல "யாருக்காவது ஒரு வெப்சைட் பண்ணிக் கொடுத்துடலாம், ப்ராஜெக்ட் முடிஞ்சிடும்" என்று முடிவு செய்யப் போறீங்க. ஈஸியான ப்ராஜெக்ட் என்று சீனியர்ஸ் எல்லாரும் சொல்வாங்க. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. ஐந்து பேர் டீம், மூன்று மாதம், ஒரு நிஜமான க்ளையன்ட், ஏற்கெனவே இருக்கிற ஒரு பழைய தளம். அதைப் புதுசாக்கிக் கொடுத்தால் போதும்.

தளம் லைவ் ஆன நாலாவது நாள், அதில் இருந்த விலையை நம்பி ஒரு பெரியவர் 22 மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தளத்தில் இருந்த விலைக்கும் அங்கே கிடைத்த விலைக்கும் மூட்டைக்கு 600 ரூபாய் வித்தியாசம். தப்பு எங்க டீமுடையது. அதில் பாதி என்னுடையது.

அந்தத் தப்பு எப்படி நடந்தது, அது நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கணும் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை. கோட் எதுவும் இருக்காது, பயப்படாம படிங்க.

க்ளையன்ட் யாரு?

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவுல இருக்கிற பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனம். பெயர் வேண்டாம். எஃப்.பி.ஓ. என்று சொல்வார்களே, அதுதான். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து கம்பெனி சட்டத்தின் கீழ் பதிவு செய்து நடத்துவது. உறுப்பினர்களிடம் நெல், உளுந்து, மணிலா எல்லாம் வாங்கி மொத்தமாக விற்பார்கள். தனித்தனியாக வியாபாரியிடம் போனால் கிடைக்கிற விலையை விட, சேர்ந்து போனால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. ஆபீசில் ஒரு அண்ணா, ஒரு அக்கா. அவ்வளவுதான் ஸ்டாஃப்.

அவங்களுக்கு ஒரு பழைய வெப்சைட் இருந்தது. அதைத் திறந்து பார்த்து முதல் நாள் நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். கேமராவில் எடுத்த ஆறு போட்டோக்களை அப்படியே ஸ்லைடரில் போட்டதால் முகப்புப் பக்கம் மட்டும் 9 எம்.பி. இருந்தது. தமிழ் எழுத்துகள் போனில் பார்த்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை மாதிரித் தெரிந்தது. மேப்பில் காட்டிய இடம் திருநெல்வேலி மாவட்டத்தில், அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிற பிரம்மதேசம்! தமிழ்நாட்டில் பிரம்மதேசம் நிறைய உண்டு. எங்க விழுப்புரம் மாவட்டத்திலேயே எண்ணாயிரம் பக்கத்தில், சோழர் காலக் கோயில்களோட இன்னொரு பிரம்மதேசம் இருக்கு. யாரோ ஊர்ப் பெயரைத் தேடி, முதலில் வந்ததை ஒட்டிவிட்டார்கள்.

(இது உங்களுக்கும் ஒரு பாடம். மேப்பை ஊர்ப் பெயரை வைத்துப் போடாதீங்க. நேரில் போய் நின்று, அட்சரேகை தீர்க்கரேகை எண்களை எடுத்துப் போடுங்க.)

சிரிச்சு முடிச்சப்புறம் நாங்க செஞ்ச வேலை அதை விட மோசம்.

முதல் டிசைன்: யாருக்கும் தேவையில்லாத அழகு

ரெண்டு வாரம் ஃபிக்மாவில் உட்கார்ந்தோம். பச்சை கிரேடியன்ட், கீழே ஸ்க்ரோல் பண்ணினால் ஓடி ஏறுகிற எண்கள், டார்க் மோட், "எங்கள் பயணம்" என்று ஒரு டைம்லைன், கடைசியாக ஒரு சாட்பாட் பொம்மை. பார்க்க ஸ்டார்ட்அப் கம்பெனி மாதிரி இருந்தது. க்ளாஸில் காட்டினோம், கைதட்டினாங்க.

அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அண்ணாவிடம் போனோம். பொறுமையாகப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. இதுல இன்னிக்கு விலை எங்க இருக்கு?" என்று கேட்டார். விலை மூன்றாவது பக்கத்தில், "சேவைகள்" மெனுவுக்குள் இருந்தது.

ரீடிசைன் என்றால் கலரை மாற்றுவது இல்லை. ஆள் எதுக்காக உள்ளே வருகிறார் என்று கண்டுபிடித்து, அதை முன்னால் கொண்டு வந்து வைப்பது. இதுக்கு உலக அளவில் எல்லாரும் சொல்கிற உதாரணம் பிரிட்டன் அரசின் தளம். அங்கே டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்று இருந்த பெரிய தளங்களை நீக்கிவிட்டு, 2012 அக்டோபர் 17-ல் கவ்.யூகே என்று ஒரே தளத்தைக் கொண்டு வந்தார்கள். பார்த்தால் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, படமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் 2013-ல் லண்டன் டிசைன் மியூசியத்தின் அந்த ஆண்டுக்கான சிறந்த டிசைன் விருது அதுக்குத்தான் போனது. அந்த டீம் எழுதி வைத்த டிசைன் கொள்கைகளில் முதலாவது, தேவையிலிருந்து ஆரம்பி என்பது. அரசாங்கத்தோட தேவை இல்லை, அதைப் பயன்படுத்துகிறவரின் தேவை.

நாங்க ஆரம்பித்தது எங்க போர்ட்ஃபோலியோவின் தேவையிலிருந்து.

போன் பக்கத்தில் ஒரு காலை

அப்புறம் எங்க டீம்ல இருந்த ஒரு பொண்ணு ஒரு ஐடியா சொன்னாள். "நாம யாரையும் பேட்டி எடுக்க வேணாம். ஆபீஸ் போன் பக்கத்துல ஒரு நாள் காலையில உட்கார்ந்து, யார் யார் என்ன கேக்குறாங்கன்னு எழுதிக்கலாம்."

மூன்று மாதத்தில் நாங்கள் செய்த உருப்படியான வேலை அதுதான். காலை எட்டு மணியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. பத்து போனில் ஏழெட்டு ஒரே கேள்வி: "இன்னிக்கு என்னா விலை?" மீதியில் பெரும்பாலும் "நாளைக்கு எடுப்பீங்களா?" அல்லது "சாக்கு நீங்க தருவீங்களா, நாங்க கொண்டாரணுமா?" எங்கள் பயணம் டைம்லைனைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

அன்றைக்கு மதியமே ஃபிக்மா ஃபைலை மூடிவிட்டு ஒரு தாளில் புது முகப்பை வரைந்தோம். மேலே இன்றைய விலை. அதுக்குக் கீழே "இன்று கொள்முதல் உண்டு / இல்லை". அதுக்குக் கீழே போன் பண்ண ஒரு பெரிய பட்டன். அவ்வளவுதான் முதல் திரை.

இன்னொரு விஷயமும் அங்கே பார்த்தோம். ஒரு அக்கா வெயிலில் நின்றுகொண்டு போனைக் கையால் மறைத்து மறைத்துப் படித்தார். எங்க டிசைனில் வெளிர் பச்சை மேல் வெள்ளை எழுத்து! எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் வேணும் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகள் சொல்வதைப் பாடத்தில் படித்திருந்தோம். அது எதுக்கு என்று அந்த வெயிலில்தான் புரிந்தது. அதுக்கப்புறம் ஒவ்வொரு திரையையும் மதியம் 12 மணிக்கு மொட்டை மாடியில் நின்று, பிரைட்னஸைப் பாதியாக வைத்துப் பார்ப்பது எங்க டெஸ்டிங்கில் சேர்ந்துவிட்டது. உங்க ஹாஸ்டல் ரூம் லைட்டில் எல்லா டிசைனும் நல்லாத்தான் இருக்கும்.

தமிழ் என்பது ட்ரான்ஸ்லேஷன் இல்லை

ஐந்து பேரில் நாலு பேர் இங்கிலீஷ் மீடியம். நானும்தான். தமிழ் எனக்குப் பன்னிரண்டாவது வரை ஒரு சப்ஜெக்ட், அவ்வளவுதான். அதனால் ஆங்கிலத்தில் எழுதி, மெஷின் ட்ரான்ஸ்லேஷனில் போட்டு எடுத்தோம். ஹோம் பட்டன் "வீடு" ஆனது. இதெல்லாம் ஜோக். நிஜமான பிரச்சினைகள் வேறு.

ஒன்று, பயிரின் பெயர். நான் அழகாக "நிலக்கடலை" என்று போட்டிருந்தேன். ஆபீசில் அதை மணிலா என்கிறார்கள். வருகிறவர்கள் பலர் மல்லாட்டை என்கிறார்கள். சென்னை நண்பன் வேர்க்கடலை என்கிறான். எல்லாம் ஒரே பொருள்தான். கடைசியில் அட்டையில் "மணிலா (மல்லாட்டை)" என்று வைத்து, தேடும் பெட்டியில் நாலு பெயரில் எதை அடித்தாலும் அதுவே வரும்படி செய்தோம். க்ளையன்ட்டின் வாயில் வருகிற சொல்தான் சரியான சொல். அகராதி அப்புறம்.

இரண்டு, பழைய தளத்தின் எழுத்து. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் கம்ப்யூட்டருக்குள் இருப்பது தமிழே இல்லை. "அம்மா" என்று நீங்கள் பார்ப்பது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும் அது தமிழாகத் தெரியும். போனில் அந்த எழுத்துரு இல்லை, அதனால் குப்பை. யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் இருக்கின்றன. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். பழைய அறிவிப்புகளை எல்லாம் கன்வர்ட்டரில் போட்டு மாற்றினோம்.

மாற்றியப்புறம் ஒரு வேடிக்கை. தேடும் பெட்டியில் "கொள்முதல்" என்று அடித்தால் புது அறிவிப்புகள் வருகின்றன, பழையவை வரவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒரே "கொ". இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். காரணம் இதுதான்: யூனிகோடில் "கொ"-வை இரண்டு விதமாக எழுத முடியும். க-வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். இல்லை, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் ஒன்று, உள்ளே வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி தெரியாமல் இரண்டு நாள்.

மூன்று, எழுத்தை எண்ணுவது. "மல்லாட்டை" எத்தனை எழுத்து? ஐந்து என்பீங்க, சரிதான். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதன் நீளத்தைக் கேட்டால் 9 என்று சொல்லும். ஏனென்றால் புள்ளி, கால், ஐகாரக் குறி எல்லாமே தனித்தனி எண்கள். யு.டி.எஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 27 பைட். சின்ன அட்டையில் 8 எழுத்துக்கு மேல் வெட்டு என்று ஒருத்தன் எழுதியிருந்தான். திரையில் "மல்லாட்ட" என்று நின்றது. தமிழை வெட்டணும் என்றால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிற இன்ட்ல் செக்மென்டரைப் பயன்படுத்துங்க. அதை விட நல்லது வெட்டாமல் இருப்பது. அட்டையைப் பெருசாக்குங்க.

வேலையைப் பிரித்த விதம்

இப்போ டீம் விஷயத்துக்கு வரலாம். நாங்கள் வேலையைப் பக்கம் பக்கமாகப் பிரித்தோம். முகப்புப் பக்கம் எனக்கு. விலை போடுகிற அட்மின் பக்கம் என் ரூம்மேட்டுக்கு. அறிவிப்புகள் ஒருத்தருக்கு, டேட்டாபேஸ் ஒருத்தருக்கு, தமிழும் டெஸ்டிங்கும் ஒருத்தருக்கு. நியாயமான பிரிவு மாதிரித்தான் தெரிந்தது.

முதல் ரெண்டு வாரம் வாட்ஸப்பில் ஜிப் ஃபைல் அனுப்பிக்கொண்டிருந்தோம். "ஃபைனல்", "ஃபைனல் 2", "இதுதான் ஃபைனல்". அப்புறம் ஒழுங்காக கிட்டுக்கு வந்தோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் கிட்டை எழுதியது, லினக்ஸ் கெர்னல் மாதிரி உலகம் பூரா இருந்து வேலை பார்க்கிற டீமுக்காக. ஐந்து பேருக்கு அது தாராளம். ஆனால் கிட் தெரியும் என்று ரெஸ்யூமேவில் போடுவதும், மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும்போது நிதானமாக இருப்பதும் வேறு வேறு. ஒரு ராத்திரி நான் கான்ஃப்ளிக்ட்டில் எல்லா இடத்திலும் "என்னுடையதை வைத்துக்கொள்" என்று அழுத்தினேன். தமிழ் பார்த்துக்கொண்டிருந்த பொண்ணு இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருத்திய சொற்கள் எல்லாம் போச்சு. அவள் என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நியாயம்தான்.

அந்தச் சொற்கள் திரும்பக் கிடைத்தன. கமிட் ஆன எதையும் கிட் உடனே தூக்கிப் போடாது. ரெஃப்லாக் என்று ஒரு நாட்குறிப்பு உள்ளே இருக்கிறது, அதைப் பார்த்துப் பழைய நிலைக்குப் போகலாம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம். யாரும் மெயின் கிளையில் நேரடியாகப் போடக்கூடாது. புல் ரிக்வெஸ்ட் போட்டு, இன்னொருத்தர் படித்துப் பார்த்தப்புறம்தான் சேர்க்கணும்.

இதோடு எங்க டீம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். கிட் காப்பாற்றியது கோடை மட்டும்தான். ஒரு எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கிட்டுக்குத் தெரியாது.

அந்த நாலாவது நாள்

சம்பா அறுவடை நேரம். தளத்தை லைவ் பண்ணினோம். முதல் மூன்று நாள் விலையை நானே போட்டேன். நாலாவது நாள் காலை, ஆபீஸ் அண்ணா முதல் முறையாகத் தானே போட்டார்.

ஒன்பது மணிக்கு க்ளாஸில் இருந்தபோது அவரிடமிருந்து போன். "தம்பி, நெல்லு விலை என்னான்னு காட்டுது உங்க வெப்சைட்ல? கொஞ்சம் பாருங்க." பார்த்தேன். நெல், ஒரு மூட்டை, 2,400 ரூபாய். அன்றைக்கு அவர்கள் வாங்கிக்கொண்டிருந்த விலை மூட்டைக்கு 1,800.

ரூம்மேட்டும் நானும் பைக்கில் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெரியவர் தன் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். சண்டை எதுவும் போடவில்லை. "பேரன் போன்ல படிச்சுக் காட்டினான் தம்பி. மூட்டை ரெண்டாயிரத்து நானூறுன்னு. அதான் விடியக்காலமே ஏத்திக்கினு வந்துட்டேன்." முந்தின நாள் ஊரிலேயே ஒரு வியாபாரி களத்துக்கு வந்து 1,820-க்குக் கேட்டிருக்கிறார். இவர் கொடுக்கவில்லை.

திருப்பி எடுத்துக்கொண்டு போனால் இன்னொரு வண்டி வாடகை. அதனால் 1,800-க்கே போட்டார். வாடகையை நாங்கள் தருகிறோம் என்று சொன்னோம். வாங்கவில்லை. "படிக்கிற பசங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணா அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு எடை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைத் திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

எப்படி நடந்தது?

என் ரூம்மேட் அட்மின் பக்கம் எழுதும்போது, மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தைப் பார்த்திருக்கிறான். அங்கே எல்லா விலையும் குவிண்டால் கணக்கு, அதாவது 100 கிலோவுக்கு. அதுதான் முறை என்று எடுத்துக்கொண்டு, அண்ணாவுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது "குவிண்டால் விலையைப் போடுங்கண்ணா" என்று சொல்லியிருக்கிறான். அண்ணாவும் கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, சரியாக 2,400 என்று போட்டார்.

நான் முகப்பில் "ஒரு மூட்டை" என்று எழுதியிருந்தேன். போன் பக்கத்தில் உட்கார்ந்தபோது எல்லாரும் மூட்டைக் கணக்கில்தான் பேசினார்கள். இங்கே நெல் மூட்டை என்றால் 75 கிலோ. 100 கிலோ 2,400 என்றால், 75 கிலோ 1,800. கணக்கு சரி. என் கோட் சரி. அவன் கோட் சரி. அண்ணா போட்ட எண்ணும் சரி. பக்கம் மட்டும் தப்பு.

கூடவே இதையும் தெரிஞ்சுக்கோங்க. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் கணக்கு. ஆக ஒரே நெல்லுக்கு ஒரே வட்டாரத்தில் சிப்பம், மூட்டை, குவிண்டால் என்று மூன்று அளவு. இதை நாங்கள் முதல் வாரமே கேட்டிருக்கணும். "விலை" என்று ஒரு கட்டம் வைத்தோமே தவிர, எதன் விலை என்று ஐந்து பேரில் ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.

டெஸ்டிங்கில் ஏன் மாட்டவில்லை? இரண்டு பேரும் டெஸ்ட் டேட்டாவாக 2,000 என்று போட்டிருந்தோம். 2,000 என்பது மூட்டைக்கும் நம்பும்படியான விலை, குவிண்டாலுக்கும் நம்பும்படியான விலை. டம்மி எண்கள் எல்லாத்துக்கும் தலையாட்டும். ஒரு நாள் விலையை அண்ணாவே போட்டு, அதை முகப்பில் அவரே படித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

பெரிய டீம்களுக்கும் இதே கதைதான்

எங்களை நியாயப்படுத்த இல்லை, இது எவ்வளவு பொதுவான தப்பு என்று காட்டத்தான் சொல்கிறேன். நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாய்க்குப் போய்ச் சேரும் நேரத்தில் தொலைந்தது. விண்கலத்தைச் செய்த லாக்ஹீட் மார்ட்டின் தரப்பு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டில் கொடுத்தது. அதை வாங்கிய நாசா தரப்பு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு டீம், ஒரு எண், இரண்டு அளவு. நாங்கள் ஒரு வண்டி வாடகையோடு தப்பித்தோம்.

இன்னொன்று வெப்சைட்டே. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1-ல் திறந்தது. முதல் நாள் முழுக்க முயன்று வெற்றிகரமாகக் காப்பீட்டில் சேர்ந்தவர்கள் 6 பேர் என்று உள்ளேயிருந்த குறிப்புகள் பிறகு வெளியாகின. அதில் 55 ஒப்பந்த நிறுவனங்கள் வேலை பார்த்தன. அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய் நின்றபோது, ஒவ்வொருவரும் தங்கள் பகுதி வேலை செய்கிறது என்ற மாதிரித்தான் சொன்னார்கள். முழுத் தளத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சேர்த்துச் சோதித்தது திறப்பதற்கு முந்தின இரண்டு வாரத்தில்தான்.

மெல்வின் கான்வே என்பவர் 1968-ல் ஒரு கட்டுரையில் சொன்னது, கான்வே விதி என்று இன்றைக்கும் பாடத்தில் வருகிறது. ஒரு டீம் எப்படிப் பேசிக்கொள்கிறதோ, அதே வடிவத்தில்தான் அது செய்கிற சிஸ்டமும் இருக்கும் என்பது அதன் சாரம். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருக்கேன். நானும் என் ரூம்மேட்டும் ஒரே அறையில் தூங்குகிறோம், ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறோம். ஆனால் விலை என்ற கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பேசாத இடத்தில்தான் தளம் உடைந்தது.

என்ன மாற்றினோம்

அன்றைக்குச் சாயங்காலமே தளத்திலிருந்து விலையை எடுத்துவிட்டு, "விலைக்கு போன் செய்யவும்" என்று மட்டும் வைத்தோம். தப்பான எண்ணை விட எண் இல்லாதது மேல். அப்புறம் ஐந்து பேரும் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ஒரு தாளில் எழுதினோம்.

விலை என்பது இனிமேல் ஒரு எண் இல்லை. தொகை, அளவின் பெயர், அந்த அளவில் எத்தனை கிலோ, எந்தத் தேதி எத்தனை மணிக்குப் போட்டது, யார் போட்டது. இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் விலை. ஒன்று இல்லையென்றாலும் சேமிக்காது.

திரையில் அளவைச் சேர்த்தே காட்டுகிறோம்: "நெல், 75 கிலோ மூட்டை 1,800 ரூபாய் (கிலோவுக்கு 24 ரூபாய்)". கிலோ விலை இருந்தால் எந்தக் கணக்கில் பழகியவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அட்மின் பக்கத்தில் குவிண்டாலை எடுத்துவிட்டோம். அண்ணா தினமும் வாயால் சொல்கிற மூட்டைக் கணக்கிலேயே போடலாம். முந்தின நாளை விட 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், "நேற்று 1,800, இன்று 2,400. சரிதானா?" என்று ஒரு கேள்வி வரும். இது மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் அந்த வண்டி கிளம்பியிருக்காது.

அன்றைய விலை போடவில்லையென்றால் நேற்றைய விலையைப் பெருசாகக் காட்டாது. "இன்றைய விலை இன்னும் வரவில்லை" என்று சொல்லி போன் பட்டனைக் காட்டும்.

முகப்புப் பக்கம் இப்போ 200 கே.பி.க்குள். ஸ்லைடர் இல்லை. ஒரே ஒரு படம், அதுவும் ஆபீஸ் வாசலின் படம், வருகிறவர் அடையாளம் கண்டுபிடிக்க.

ஒரு வாரம் கழித்துத் திரும்ப விலையைப் போட்டோம். இந்த முறை லைவ் பண்ணுவதற்கு முன்னால் அண்ணா போட, அக்கா இன்னொரு போனில் அதைச் சத்தமாகப் படிக்க, நாங்கள் சும்மா நின்று பார்த்தோம்.

நாம் போனப்புறம்?

மாணவர் ப்ராஜெக்ட்டில் ஒருத்தரும் யோசிக்காத கேள்வி இது. மே மாதத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஐந்து ஊருக்குப் போய்விடுவோம். தளம் அங்கேயே இருக்கும்.

அதனால் டொமைன் பதிவு எங்கள் மெயிலில் இல்லை, நிறுவனத்தின் மெயிலில் இருக்கிறது. எப்போது புதுப்பிக்கணும் என்ற தேதி ஆபீஸ் காலண்டரில் பேனாவால் எழுதியிருக்கிறது. பாஸ்வேர்ட் அண்ணாவிடமும் அக்காவிடமும் மட்டும். விலை போடுவது எப்படி, தப்பாகப் போட்டால் திருத்துவது எப்படி என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறோம். ஆசைக்குச் சேர்த்த லைப்ரரிகளில் பாதியைத் தூக்கிவிட்டோம். அப்டேட் பண்ண ஆள் இல்லாத தளத்தில் ஒவ்வொரு லைப்ரரியும் ஒரு கடன்.

உங்களுக்கு, சுருக்கமாக

முதல் வாரம் கோட் எழுதாதீங்க. க்ளையன்ட்டின் போன் பக்கத்தில் ஒரு காலை உட்காருங்க.

அவர்கள் பேசுகிற சொல்லையே எழுதுங்க, தமிழை யூனிகோடில் மட்டும் வைங்க.

வேலையைப் பிரிப்பதற்கு முன்னால், ஒருத்தர் பகுதியிலிருந்து இன்னொருத்தர் பகுதிக்குப் போகிற ஒவ்வொரு தகவலுக்கும் பெயர், அளவு, தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. பக்கத்துக்கு ஒரு ஆள் இருப்பார். இரண்டு பக்கம் சேர்கிற இடத்துக்கும் ஒரு ஆள் வேணும்.

இரண்டாவது வாரமே, அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, முழுத் தளத்தையும் சேர்த்து ஓட்டிப் பாருங்க. நிஜ எண்களை வைத்து, நிஜ ஆட்களை வைத்து.

வைவாவில் எக்ஸ்டர்னல் எங்களிடம் என்ன ஃப்ரேம்வொர்க், என்ன டேட்டாபேஸ் என்று கேட்டார். சொன்னோம், நல்ல மார்க் வந்தது. மூட்டை எத்தனை கிலோ என்று அவரும் கேட்கவில்லை. நீங்க கேளுங்க.

ஏதாவது சந்தேகம் இருந்தால் ஹாஸ்டலுக்கு வாங்க. நாங்கள் எழுதிய அந்தத் தாள் இன்னும் என் ரூம் கதவில்தான் ஒட்டியிருக்கு. மே வரைக்கும் இங்கேதான் இருப்போம்.